மேலே போய் நிற்கும் புகை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் மயங்கி விழுந்துவிட்டதாக என் மாப்பிள்ளை உனக்குச் சொல்லியிருக்கிறார். நான் மயங்கவும் இல்லை, விழவும் இல்லை. நாற்காலியில் தூசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மயங்குகிறவர்கள் தூசி பார்ப்பதில்லை. புகையின் மேல் உள்ள வெறுப்பில் நாடகத்தையே நிறுத்திவிட்டேன் என்று இன்னொரு பேச்சும் உலவுகிறது. நான் நிறுத்தியது அன்றைய ஒத்திகையை மட்டும்.

உன் அத்தான் கட்டிய அரங்கம் உனக்குத் தெரியும். நூறு பேர் உட்காரலாம்; இன்னும் ஒருவர் வந்தால் செயலாளர் எழுந்து இடம் விட வேண்டும். அத்தான் போன பிறகு அரங்கத்தை நடத்தும் குழுவில் அவருடைய இடம் எனக்கு வந்தது. பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. இந்த வருடம் புது விளக்குகள் வாங்கினோம். மெல்லிய புகை இருந்தால்தான் வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும் என்று செயலாளர் சொன்னார். லைட் கான்ட்ராக்டர் ஒரு மெஷினைக் கொண்டுவந்து, பெயர் ஒட்டாத ஒரு பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் மேடையே காணாமல் போனது. கதாநாயகியாக நடிக்கும் பல் டாக்டருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று அண்ணாந்து பார்த்தேன். ஸ்மோக் டிடெக்டருக்கு அந்த ஆள் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டியிருந்தார். பையைக் கழற்றச் சொன்னேன். அலாரம் அலறியது. எல்லோரும் ஒப்பனையோடு தெருவில் நின்றோம். இவ்வளவுதான் நடந்தது.

நீ ஆயுள் முழுக்க மேடைக்கு விளக்குப் போட்டவன். மூன்று கேள்விகள். எங்களைப் போன்ற சின்ன அரங்கத்துக்குப் பாதுகாப்பான புகை என்று ஒன்று உண்டா? உண்டென்றால் எந்த மாதிரி மெஷின்? மூன்றாவது, உன் உடம்பு எப்படி? போன முறை தொலைபேசியில் பாதியிலேயே வைத்துவிட்டாய்.

கேட்டதற்கெல்லாம் கேட்ட வரிசையில் பதில் எழுத வேண்டும் என்று கான்வென்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். முழங்காலைத் தவிர என் உடம்பு சொன்னபடி கேட்கிறது.

உன் அக்கா

ஜனவரி 29

அன்பு அக்காவுக்கு,

நீ மயங்கவில்லை என்பதில் மகிழ்ச்சி. மயங்கியிருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாய் என்பது வேறு விஷயம்.

பாதுகாப்பான புகை உண்டு. ஆனால் அதற்குப் புகை என்று பெயர் சொன்னால் பயந்துவிடுவார்கள். கான்ட்ராக்டர் கொண்டுவந்தது ஃபாக் மெஷின். அது குபுகுபுவென்று கக்கும். பேய் வரும் காட்சிக்கு ஆகும். உங்களுக்கு வேண்டியது ஹேஸ் மெஷின். அது மூச்சு விடுகிற மாதிரி மெல்ல விடும். இருப்பதே தெரியக் கூடாது, வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும்.

அதில் இரண்டு ஜாதி. ஒன்று தண்ணீரில் கலந்த லிக்விடில் ஓடுவது, இன்னொன்று எண்ணெயில் ஓடுவது. எண்ணெய்ப் புகை மணிக்கணக்கில் கலையாமல் நிற்கும், அதனால் பல பேருக்கு அதுதான் பிடிக்கும். காற்று வாங்க வழியில்லாத சின்ன ஹாலில் அது வேண்டாம். தண்ணீர் ஜாதியே வாங்கு. அளவைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கட்டும். பெரிய மெஷின் வாங்காதே. ஒரு ஆளுக்குக் கல்யாண அண்டாவில் சோறு வடிக்கிற கதையாகிவிடும். முக்கியமானது இது: எந்த மெஷினோ அதைச் செய்த கம்பெனி சொல்லும் லிக்விடை மட்டும் ஊற்ற வேண்டும். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் ஊற்றவே கூடாது.

டிடெக்டருக்குப் பை போட்டவனை இனி உள்ளே விடாதே.

இங்கே நடிகர்கள் என்னை மின்மினி என்று கூப்பிடுகிறார்கள். இருட்டில் டார்ச்சை வைத்துக்கொண்டு அலைவதால் வந்த பட்டம். இனிமேல் போன் செய்யாதே அக்கா, லைட் ரூமில் ஒரே சத்தம். கடிதமே நன்றாக இருக்கிறது.

தம்பி

பிப்ரவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். அண்டாவை மட்டும் விட்டுவிட்டேன். பொருளாளர் குண்டானவர், தன்னைச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்.

கான்ட்ராக்டரும் வந்திருந்தார். “மேடம், எல்லா ஹால்லயும் இதான் ஓடுது. இதுவரைக்கும் யாரும் சாகல” என்றார்.

“அதையே போஸ்டர்ல போட்டுக்கலாமா?” என்று கேட்டேன்.

செயலாளருக்கு இருமல் வந்தது. சிரிப்பை மறைக்க வந்த இருமல். கான்ட்ராக்டர் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது நாங்களே வாங்க வேண்டும். கடைக்காரர் காட்டும் பெட்டிகள் எல்லாம் எனக்கு ஒன்று போலவே இருக்கின்றன. ஆகவே இதைக் கேட்கிறேன். உங்கள் அரங்கத்தில் என்ன மெஷின் ஓடுகிறது? ‘என் தம்பி பயன்படுத்துவது இதுதான்’ என்று சொன்னால் குழு வாயை மூடிக்கொள்ளும். எங்கே வைப்பது, வாங்கும்போது எந்தக் காகிதத்தைக் கேட்பது என்பதையும் எழுது.

மூன்றாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். உடம்பு எப்படி?

அக்கா

மார்ச் 2

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. வரிசையாக நாடகங்கள்.

லிக்விடில் என்னென்ன இருக்கிறது, மூச்சில் போனால் என்ன ஆகும் என்று எழுதிய தாள் ஒன்று கம்பெனியிடம் இருக்கும். அதைக் கேள். தர மாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டு எழுந்து வந்துவிடு. வாசலில் ‘இன்று மேடையில் புகை உண்டு’ என்று எழுதி வை. ஆஸ்துமாக்காரர்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். மெஷினை மேடையின் பக்கவாட்டில், நடிகர்கள் முகத்துக்கு நேரே வராமல், தரையில் வை. ஒரு நாள் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்து, டிடெக்டர் என்ன சொல்கிறது என்று தீயணைப்புக்காரர்களை வரவழைத்துக் கேள். காட்சி முடிந்ததும் கதவுகளைத் திற. தரையைத் துடைக்கச் சொல், படிந்தால் வழுக்கும்.

இன்னொன்றையும் யாரும் சொல்ல மாட்டார்கள். விளக்குச் சூட்டில் புகை மேலே போகும். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சமாகத் தெரிந்தால், கூரைக்குக் கீழே இருப்பவனுக்கு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் லைட் ரூம் தரையில்தானே இருக்கிறது? நல்லது.

எங்கள் ஹாலைப் பார்த்து நீ வாங்காதே. இது வேறு மாதிரி.

ஏணி ஏறி விளக்குத் திருப்ப இப்போது டிக்கெட் கிழிக்கிறவர் வருகிறார். எனக்கு ஒரு தடவை லைட் ரூமுக்கு ஏறினால் போதும், ஆட்டம் முடிகிற வரைக்கும் இறங்குவதில்லை. ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

மெஷின் வாங்கியாயிற்று. நீ சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. தீயணைப்பு அதிகாரி வந்து எல்லாம் சரி என்றார். அவருக்கு என் மேல்தான் கொஞ்சம் பயம்.

முதல் நாள் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் காட்சி முடியும்வரை புகை எங்கே என்று தேடினேன், தெரியவில்லை. தொண்டையும் கரகரக்கவில்லை. இரண்டாம் காட்சியில் பல் டாக்டர் தனியாக நின்றபோது, மேலேயிருந்து ஒரு வெளிச்சம் இறங்கியது. விழுந்தது என்று எழுத மாட்டேன். அது இறங்கியதைப் பார்த்தேன். அதற்குத் தோள் இருந்தது, ஓரம் இருந்தது. அந்தப் பெண் கையை நீட்டியபோது வெளிச்சம் நகர்ந்து வழி விட்டது. இத்தனை வருடம் ‘ஸ்விட்ச் போடுகிற வேலை’ என்று உன் வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்ல மாட்டேன்.

இப்போது வேறு விஷயம். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். எங்கள் மெஷினைப் பற்றிக் கேட்டதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். உங்கள் மெஷினைப் பற்றிக் கேட்டதற்கு ‘வேறு மாதிரி’ என்று இரண்டே வார்த்தை. உடம்பைப் பற்றிக் கேட்டதற்கு ஒன்றுமே இல்லை. போன் வேண்டாம் என்கிறாய். ஏணியில் இன்னொருவர் ஏறுகிறார். கூரைக்குக் கீழே இருப்பவனைப் பற்றி நீ எழுதியபோது யாரை நினைத்து எழுதினாய்?

நீ சொல்லாவிட்டால் உன் மனைவியிடம் கேட்பேன்.

அக்கா

ஏப்ரல் 9

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுகிறேன். நீங்கள் எனக்குத் தனியாக எழுதிய கடிதம் வந்தது. அவருக்குத் தெரியாமல் பதில் எழுதுகிறேன். எழுதக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் நேராகக் கேட்ட பிறகு பொய் சொல்ல எனக்கு வராது.

அவருக்கு இரண்டு வருடமாக இருமல். இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்கிறார். அந்த ஹாலில் எண்ணெயில் ஓடும் பழைய மெஷின். முதலாளி எங்கிருந்தோ பீப்பாயில் எண்ணெய் வாங்கிவருகிறார், அதில் ஒரு எழுத்தும் இல்லை. லைட் ரூம் கூரையை ஒட்டியிருக்கிறது. அங்கே ஒரு காற்றாடி இருந்தது. சத்தம் வசனத்தைக் கெடுக்கிறது என்று முதலாளி அதை எடுத்துவிட்டார். டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, முதலில் அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள், மருந்தெல்லாம் அப்புறம் என்றார்.

இவர் முதலாளியிடம் ஒரு தடவை பேசினார். “புகை வேணாம்னா சொல்லுங்க மின்மினி, புகைய வெச்சுக்கிட்டு உங்கள மாத்திடறேன்” என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். இவரும் சிரித்துவிட்டு மேலே ஏறிப் போயிருக்கிறார். இந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள் என்கிறார். நான் என்ன செய்வது அண்ணி? நீங்கள் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் சொல்வீர்கள் என்று பயந்துதான் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 17

தம்பிக்கு,

எல்லாம் தெரியும். உன் மனைவியைக் கோபிக்காதே, நான் கேட்ட முறையில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

ஊருக்கெல்லாம் நல்ல காற்றுக்கு வழி சொல்லிவிட்டு நீ எதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறாய்? அந்த வேலையை விடு. விட முடியாது என்றால், அந்த எண்ணெயையாவது விடு. எங்கள் அரங்கத்தில் ஊற்றும் லிக்விடை ஒரு கேன் நிறைய அனுப்பியிருக்கிறேன். கம்பெனித் தாளைப் படித்துப் பார்த்து, தீயணைப்புக்காரரிடமும் கேட்டு உறுதி செய்தது. மேலே பெரிய எழுத்தில் தாள் ஒட்டியிருக்கிறேன்: ‘பாதுகாப்பானது. இனி இதையே ஊற்றவும்.’ உன் முதலாளி கண்ணில் பட வேண்டும் என்றுதான் பெரிதாக எழுதினேன்.

நான் அங்கே வர முடியாது. ரயிலில் ஏற இந்த முழங்கால் விடாது. வந்தால் உன் முதலாளியோடு ஐந்து நிமிடம் பேசுவேன்.

அக்கா

மே 3

அன்பு அக்காவுக்கு,

கேன் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தபால்காரரே ‘ஸ்கூல்லேர்ந்தா?’ என்று கேட்டார்.

அக்கா, அது தண்ணீர் ஜாதி. எங்களுடையது எண்ணெய் மெஷின். ஊற்றினால் புகை வராது, ஈரமாகத் துப்பும். உனக்கு முதலிலேயே எழுதியிருந்தேன். கோபத்தில் மறந்திருப்பாய். அன்பில் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது, அதனால் கோபம் என்றே வைத்துக்கொள்வோம். கேனை லைட் ரூமுக்குக் கொண்டுபோய் மூலையில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

உடம்பைக் கேட்டாய். சொல்கிறேன். நெஞ்சில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. சில நாள் எழுந்து போகிறது, பெரும்பாலும் போவதில்லை. மூச்சு உள்ளே போகிறது, முழுசாகப் போவதில்லை. போன் வேண்டாம் என்றதும் அதனால்தான், நீ கேட்டுவிடுவாய்.

வெளியே வா என்று எல்லோரும் சொல்கிறீர்கள். வெளிச்சத்துக்குத் தோள் இருந்தது என்று எழுதினாயே, அதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை. கீழே இறங்கிவிட்டால் நான் யார் அக்கா? வீட்டில் ஸ்விட்ச் போடுகிறவன்தானே.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. போகிறேன். சத்தியமாகப் போகிறேன்.

தம்பி

மே 26

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மாலை டிக்கெட் கிழிக்கிறவரைத்தான் லைட் ரூமில் உட்காரவைத்தார்கள். பீப்பாயில் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. மூலையில் உங்கள் கேன் இருந்தது. அதில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, நல்ல மனிதர், அதைத்தான் கீழே கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார். மெஷின் புகை விடாமல் மேடை ஓரமெல்லாம் ஈரத்தைத் துப்பியிருக்கிறது. இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. பாட வந்த பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மறுநாள் முதலாளி வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“உங்க அக்கா எழுதி அனுப்பினதத்தான் ஊத்தியிருக்காங்க” என்றார். “நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க. சாவியக் குடுத்துடுங்க மின்மினி.”

இவர், தண்ணீர் ஜாதி, எண்ணெய் ஜாதி என்று சொல்லியிருக்கலாம். கேனை வைத்திருக்க மட்டும்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா எழுதியது தப்பு என்று ஆகும் இல்லையா அண்ணி? எழுந்துபோய்ச் சாவியை எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தார்.

பரிசோதனை முடிவு வந்தது. போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். அந்த அறைக்கு இனிப் போகாததே பெரிய மருந்து என்கிறார். நான் சந்தோஷப்பட வேண்டும். இவர் சாயங்காலம் ஆனால் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார், கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து சட்டையைக் கழற்றுகிறார். உங்களுக்கு எழுதுங்கள் என்று தாள் எடுத்துக் கொடுத்தேன். அப்படியே இருக்கிறது.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

கேன் மேல் நான் ஒட்டியது அரைகுறை வாக்கியம். எந்த மெஷினுக்கு என்று எழுதவில்லை. பாட்டிலில் பெயர் இல்லை என்று கான்ட்ராக்டரை விரட்டியவள் நான். தவறு என்னுடையது, உன்னுடையது அல்ல. இதையே உன் முதலாளிக்கும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் எழுதியிருக்கிறேன்.

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். சாப்பிடுகிறாயா?

அக்கா

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று செயலாளர் சொல்கிறார். உன் முதலாளிக்கு எழுதியது போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்து வந்திருக்கிறது, அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பாடுகிற பெண் மட்டும் இடது கையால் எழுதியிருந்தாள். கோபமில்லை, மின்மினி அண்ணா போட்ட வெளிச்சத்தில் பாடியதுதான் தனக்கு நினைவிருக்கிறது, அவரிடம் சொல்லுங்கள் என்றாள். சொல்லிவிட்டேன்.

உன்னை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வந்துவிட்டாய். இரவில் படுத்தால், அந்தச் சாவியை நீ எடுத்துக்கொண்டுவந்து கொடுப்பதுதான் கண்ணில் நிற்கிறது. நான் அந்த அறையைப் பார்த்ததுகூட இல்லை. உன்னை மறுபடி அங்கே ஏற்றிவிடு என்று யாரிடமும் கேட்க என்னால் முடியாது, கேட்கவும் கூடாது. இங்கே வந்து எங்கள் விளக்குகளைப் பார்த்துக்கொள் என்று எழுதலாமா என்று உன் மனைவியிடம் கேட்டேன். அவ்வளவு தூரம் பயணம் செய்ய டாக்டர் இப்போதைக்கு விட மாட்டார் என்று எழுதினாள். ஆகவே அதையும் எழுதவில்லை. குழுவில் எல்லோரும் புது மெஷினைப் பாராட்டுகிறார்கள். அது ஓடும்போது நான் உள்ளே உட்காருவதில்லை. வெளியே டிக்கெட் மேஜையில் உட்காருகிறேன்.

நேற்று போன் செய்தேன். நீ எடுத்தாய் என்று நினைக்கிறேன். மூச்சு கேட்டது. நான் பேசினேன், அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, பிறகு வைத்துவிட்டார்கள். அது நீயா என்று உன் மனைவியிடம் நான் கேட்கப் போவதில்லை.

இரவில் படுத்துத் தூங்க முடிகிறதா, என் மேல் கோபமா? இரண்டே கேள்விகள்தான். கோபம் என்றால் கோபம் என்றே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். உன் மனைவி எழுத வேண்டாம். நீ எழுதி, தபாலில் சேர்த்து, எனக்குப் பதில் அனுப்பு.

உன் அக்கா